ஆயர் ஈத்தாமில் பாகு

விடிகாலை நான்கு மணி.
கீழ்மாடி மீ கடைக்காரர்
இரும்புக் கதவைத் தூக்கும் சத்தம்.
மலைக்கோயில் விளக்குகள் இன்னும் அணையவில்லை.
பட்டர்வொர்த்தில் மூன்றாம் நாள் கல்யாணம்,
ஜெகதீஸ்வரி வீட்டுக்கு முந்நூறு அதிரசம்.
பச்சரிசி நனைந்து, நிழலில் உலர்ந்து, மாவாகி
ஈரம் போகாமல் துணிக்குள் காத்திருக்கிறது.

அமிர்தலிங்கம் கொண்டுவந்த உருளைகள் ஆறு கிலோ,
மூங்கில் கணுவின் அச்சோடு.
பாலிக் பூலாவ் தென்னம்பாளை, அசல், என்றான்.
கிலோ பதினெட்டு வெள்ளி. மாதக் கடைசியில் தந்தால் போதும்.

கத்தி வைத்தேன்.
நல்ல குலா மலாக்கா ஈரமண் போல உதிரும்.
இது ஓட்டுச் சில்லாய்த் தெறித்து
அடுப்படியில் ஒளிந்துகொண்டது.
குளிர்பெட்டியில் இருந்ததால் இருக்கும்,
நினைத்துக்கொண்டேன்.
கல்யாண ஆர்டர் கையில் இருந்தால்
எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

கரைந்தது. கொதித்தது.
ஊரின் பெயரே கறுத்த தண்ணீர்,
சட்டியிலும் அதுதான்.
வாசம் வந்தது,
ஆனால் பாண்டான் இலையைப் போட்டது நான்.

வடிகட்டினேன்.

இருபது வருடமாக இந்த வடிகட்டியை
நான் திட்டாத நாள் இல்லை.
மூங்கில் நார், சாம்பல், தேனீயின் ஒற்றைச் சிறகு,
மணல்,
குடும்பத்தோடு செத்த எறும்புகள்.
இன்று ஒன்றுமே இல்லை.
கடையில் தொங்கும்போது இருந்த மாதிரி
பளபளவென்று கம்பிவலை.
அப்போதுதான் வயிறு கலங்கியது.

நாக்கில் தொட்டு வைத்தேன்.
இனிப்பு.
அதன் பின்னால் யாரும் வரவில்லை.
புகை வரவில்லை. அந்தச் சின்ன உப்பு வரவில்லை.
தொண்டையோரம் ஒரு கசப்பு நின்று
நானும் வந்திருக்கேன் என்று செருமவில்லை.

அந்தக் கசப்புக்காகத்தானே
மீன்குழம்பில் புளி அதட்டும்போது ஒரு துண்டு கிள்ளிப் போடுகிறேன்,
நெத்திலிச் சம்பலின் காரத்தை உட்காரவைக்கிறேன்,
வெந்த சவ்வரிசியின் வெளுத்த முகத்தில்
கறுப்பாக ஊற்றி ரசிக்கிறேன்.
கொதிக்கிற பசும்பாலில் விழுந்தால்
பாலையே திரித்துவிடும் முன்கோபி அது.
அதனால்தான் தேங்காய்ப்பால், அதனால்தான் கடைசியில்.
இதுவோ யாரோடும் சண்டை போடாது.

போனில் கேட்டேன். தூக்கக் குரலில் சொன்னான்:
"நல்லா கறுப்பாத்தானேக்கா இருக்கு?
வேற என்னா வேணும்?"

தொண்ணூற்றெட்டில் கூலிமிலிருந்து ஒரு கூட்டம் வந்தது.
கேசரியை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது.
செருப்பு மாட்டும்போது அந்த அம்மாள்,
"பொண்ணு தங்கமான பொண்ணு. நெறம்தான் கொஞ்சம்…"
மிச்சத்தை லிஃப்ட்டுக்குள் எடுத்துப் போனாள்.
அதன் பிறகு ஆறு மாதம்
கண்ணாடி முன்னால் ஒரு களிம்பு ட்யூப்
நசுங்கிக்கொண்டே இருந்தது.

இப்போது பார்,
ஒரு வெள்ளைச் சீனி
எங்கோ ராத்திரியில் உட்கார்ந்து
கருகி, சாயம் பூசி,
மூங்கில் சட்டை மாட்டிக்கொண்டு
என் வாசலில் வந்து நிற்கிறது,
நான் கறுப்பு, பதினெட்டு வெள்ளி கொடு என்று.

சிரித்தேன். தனியாக, கரண்டியோடு,
மீ கடைக்காரர் அண்ணாந்து பார்க்கும் அளவுக்கு.
அதற்குள் பதம் தாண்டிவிட்டது.
கிண்ணத்துத் தண்ணீரில் விட்ட சொட்டு
உருளாமல், கண்ணாடித் துண்டாய்
டிங் என்றது.

எட்டு மணிக்கு லெபோ பாசாரில் கடை திறக்கும்வரை நின்று
மண்டை வெல்லம் வாங்கி வந்தேன்.
வடிகட்டியில் மணல், வைக்கோல் துணுக்கு,
ஏதோ ஒரு பூச்சியின் கால்.
அப்பாடா.

மாவு பிசைந்து மூடி வைத்தபின்
கணக்கு நோட்டை எடுத்து
அவன் பெயருக்கு நேரே எழுதினேன்:
வெள்ளைச் சீனி, ஆறு கிலோ.
விலையையும் அதற்கேற்றபடிப் போட்டேன்.